கணினிக்கு அவர் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள்

என் கணவர் இறந்துபோன பிறகு அவருடைய கணினியைப் பல மாதம் நான் தொடவில்லை. எங்கள் ஊர் அம்மன் கோயில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்து ஊர் பழையபடி ஆன வாரத்தில்தான் திறந்தேன். வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன்; கேள்வித்தாள் அடிக்க வேண்டியிருந்தது. கணினி பாதி வரை வந்து நீலத் திரையோடு நின்றுவிட்டது. எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் அதேதான்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர் எடுத்துப்போய், மறுநாள் திரும்பக் கொண்டுவந்து வயர்களை மாட்டினார்.

"விண்டோஸ் அடி வாங்கிட்டு அக்கா. சுத்தமா அழிச்சிட்டுப் புதுசா போட்டுருக்கேன். அண்ணாச்சியோட பைலு, போட்டோ எல்லாம் இன்னொரு டிரைவ்ல பத்திரமா இருக்கு. பிரிண்டர், தமிழ் டைப்பிங் எல்லாம் நீங்களே போட்டுக்கிடுவீங்கள்லா?"

"போட்டுக்கிடுதேன்" என்றேன்.

புதுக் கணினி போல முதலில் என் பெயரைக் கேட்டது. அதுவரை அதில் அவர் பெயர்தான் இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு என் பெயரையே கொடுத்தேன். பிரிண்டரைச் சேர்த்தேன், தமிழ் எழுத்துருக்களைப் போட்டேன். கடைசியில், யாருக்காக என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது, அந்தக் குரலையும் போட்டேன்.

நாற்பது வயதுக்கு மேல் அவருக்குப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. மதுரைக்கு அலைந்து பார்த்ததில் மிஞ்சியது வெளிச்சம் தெரிகிற அளவு மட்டும். அதன்பிறகு திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்தான் அவருக்கு எல்லாம். செய்தி கேட்பது, கடிதம் அடிப்பது, பிள்ளைகளுக்கு நான் எழுதியதில் பிழை பார்ப்பது, எல்லாமே அந்தக் குரலை வைத்துத்தான். எனக்கும் அதற்கும் ஆகாது. தகரத்தைத் தட்டுவது போல இருக்கும். அதையும் அவர் வேகமாக ஓடவிடுவார்.

"கொஞ்சம் குறைங்களேன், தலை வலிக்கி" என்று அடுக்களையிலிருந்து கத்துவேன்.

"ஒனக்குக் கண்ணு இருக்கு. எனக்கு இதாம்ட்டி கண்ணு" என்பார், சிரித்துக்கொண்டே.

இப்போது அந்தக் குரல் மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசியது. ஊர் அம்மன் பெயர்தான் எனக்கும். தேரடியில் நின்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பெயரைத் திரையிலிருந்து வாசிக்கும்போது, 'கோபுரம்' என்பதில் வருவதைப் போல மெல்ல ஒலிக்க வேண்டிய முதல் எழுத்தைக் 'கோழி' என்பதில் வருவதைப் போல அழுத்திச் சொன்னது. முன்பெல்லாம் சரியாகச் சொல்லுமே என்று தோன்றியபோதுதான் எனக்கு உறைத்தது. அது தப்பாகச் சொல்லும் வார்த்தைகளை அவர் ஒவ்வொன்றாகத் திருத்தி வைத்திருந்தார். சாயங்காலங்களில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துக்கொண்டிருப்பார்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"அது சாப்ட்வேர் செட்டிங்ஸ்ல இருந்திருக்கும் அக்கா. அழிச்ச டிரைவ்லலா போயிருக்கும்" என்றார். குரல் இறங்கிவிட்டது. "அப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியாதுக்கா. இனி எடுக்க முடியாது."

அவர்மேல் கோபம் வரவில்லை. அதெல்லாம் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாதே.

பிறகு புளியங்குடி அண்ணாச்சி ஞாபகம் வந்தது. எலுமிச்சை மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்தவர். அவருக்கும் பார்வை இல்லை. இந்த மென்பொருளை அவருக்குப் போனிலேயே பழக்கிக்கொடுத்தது என் கணவர்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"அவரு திருத்துன வார்த்தை லிஸ்டு எங்கிட்ட ஒரு காப்பி இருக்கும்மா. அவரு அனுப்புனதுதான்" என்றார். அன்றைக்கே தன் மகளிடம் சொல்லி அனுப்பிவைத்தார்.

அதைச் சேர்த்தேன். ஊர் பேர் சரியாக வந்தது. பஸ், பேங்க், பக்கத்து ஊர் மேலநீலிதநல்லூர் எல்லாம் சரியாக வந்தன. நான் வேகத்தையும் அவர் வைத்திருந்தது போலக் கூட்டினேன். வீடு முழுக்க அந்தத் தகரச் சத்தம். கொஞ்ச நேரம் நன்றாகவே இருந்தது. ஆனால் என் பெயர் மட்டும் பழையபடிதான் வந்தது.

மறுபடி அண்ணாச்சிக்குப் போட்டேன்.

"வீட்டு வார்த்தையை எல்லாம் எடுத்துட்டுத்தாம்மா எனக்குத் தந்தாரு. 'அது எங்க வீட்டுச் சமாச்சாரம் அண்ணாச்சி, ஒமக்கு எதுக்கு'ன்னு கேலி பண்ணுனாரு. எடுக்காம தந்திருக்கலாம், பாவி மனுசன்."

அவர் அழுவது கேட்டது. நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டு வார்த்தைகள் வேறு என்னென்ன இருந்திருக்கும் என்று யோசித்தேன். எங்கள் மகளை அவர் மட்டும் கூப்பிடும் செல்லப் பேர் இருந்திருக்கும். மற்றவை தெரியவில்லை. அவர் அதைச் செய்யும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதில்லை.

என் பெயரை நானே திருத்திப் பார்த்தேன். எழுத்தை மாற்றினேன், ஆங்கில எழுத்தைப் போட்டேன், நடுவில் இடம் விட்டேன். ஒரு தடவை இழுத்துக்கொண்டு வந்தது, ஒரு தடவை உடைந்து வந்தது. எப்படித்தான் சொல்லவைத்தாரோ.

வாசலில் டியூஷன் பிள்ளைகள் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. கேள்வித்தாளைப் பிரிண்டருக்குக் கொடுத்துவிட்டு, முகம் கழுவப் பின்பக்கம் போனேன்.