பாதிப் படத்தின் தீர்ப்பு

சீதாலெட்சுமி எந்தப் படத்தையும் மூன்று முறை பார்ப்பாள். முதல் முறை அடியில் ஓடும் எழுத்துக்கு. இரண்டாம் முறை முகங்களுக்கு. மூன்றாவது முறைதான் படத்துக்கு. இருபத்திரண்டு வருஷம் கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலையில் காற்றடித்து ஓட்டை பார்த்த கண்கள். அவற்றுக்குத் தப்பி ஓட்டைக் கையுறை எதுவும் பெட்டிக்குள் போனதில்லை. ஆங்கிலம்தான் மெதுவாக ஏறும். ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி நிறுத்துவாள். இரண்டு மணி நேரப் படம் நாலு மணி நேரம் ஓடும். "சினிமா பாக்கறியா, பரீட்சைக்குப் படிக்கறியா?" என்று வீட்டுக்காரர் எழுந்து போய்விடுவார்.

பிரிக்ஃபீல்ட்ஸ் ஞாயிறு திரை வட்டத்துக்கு அவள் செயலாளர். ஓர் உணவகத்தின் மாடி, முப்பது நாற்காலி, ஒரு வெள்ளைத் திரை. தலைவர் பாலன் நில அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். விதி என்றால் அவருக்கு விதிதான். மாதம் ஒரு ஞாயிறு, மூன்று மணிக்குப் படம். நாலேகாலுக்குக் கீழிருந்து நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீரும் வடையும் வரும். எந்தக் கட்டமானாலும் படம் நிற்கும். கிள்ளான்காரர்கள் ஐந்து மணி ரயிலுக்குக் கிளம்ப வேண்டும் என்பதால், எல்லாரும் அப்போதே கருத்துச் சீட்டு எழுதி பிஸ்கட் டின்னில் போட்டுவிட வேண்டும். அதுவரை காட்டியதெல்லாம் பழைய தமிழ்ப் படங்கள். முடிவு எல்லாருக்கும் மனப்பாடம். பாதியில் கருத்து எழுதுவது யாருக்கும் விநோதமாகப் படவில்லை.

வெளிநாட்டுப் படம் ஒன்று போடலாமென்று சீதாலெட்சுமி ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் பாலன் இறங்கி வந்தார்.

"ஒரே ஒரு தடவ. பாதிப் பேருக்கு மேல நல்லாருக்குன்னு எழுதினா, வருஷம் பூரா உங்க படம்தான். இல்லன்னா இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

மூன்று மாதம் தேடினாள். ஒரு போர்க்காலப் படத்தில் வந்து நின்றாள். யூதக் கிளாரினெட் கலைஞன் ஒருவன். ஊருக்குள் பட்டாளம் நுழைகிறது. அவன் கிளாரினெட்டை ஐந்து துண்டாகக் கழற்றி ஐந்து வீட்டில் கொடுத்துவிட்டு, மாவு மில்லின் பரணில் ஒளிந்துகொள்கிறான். ஒரு துண்டு அகப்பட்டாலும் அந்த வீடு தொலைந்தது.

அந்தப் படம் போட்ட ஞாயிறு இருபத்தைந்து பேர் வந்தார்கள். திரையில் பட்டாளத்தான் ஒருவன் மில்லுக்குள் வந்து பரணின் ஏணியில் கால் வைத்தான். தே தாரிக் வந்தது. படம் நின்றது.

வடை தின்றபடி எல்லாரும் எழுதினார்கள். பாலன் டின்னைத் திறந்து உரக்கப் படித்தார்.

"'ஹீரோ மாட்டிக்கிட்டான். ஞாயித்துக்கிழமை இதெல்லாம் தேவையா?' 'வாசிக்கறவன்னு சொன்னாங்க, ஒரு தடவைதான் வாசிச்சான்.' 'பரண்ல படுத்தவன் படுத்தேதான் இருக்கான்.' 'வடை நல்லாருக்கு.'"

நல்லாருக்கு என்று ஏழு. வேண்டாம் என்று பதினேழு. வடைச் சீட்டு செல்லாது.

ஓட்டையே இல்லாத கையுறைகளைப் பெட்டியோடு கழிவில் கொட்டியது போலிருந்தது சீதாலெட்சுமிக்கு. யாரைக் குறை சொல்வது? இடைவேளைச் சீட்டு விதியைக் குறிப்பேட்டில் எழுதியதே அவள்தான்.

"தலைவரே, இன்னும் அம்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு."

"முடிவு வந்துருச்சும்மா."

"படத்துக்கு இன்னும் வரலியே."

கிள்ளான் லோரிக்காரர் கிஷன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். கால் நகரவில்லை.

"அக்கா, ஒன்னே ஒன்னு சொல்லுங்க. அவன் செத்துட்டானா?"

"சொல்ல மாட்டேன்."

"ஐயோ, ஏணியில கால வச்சுட்டான் லா!"

"உக்காந்து பாருங்க."

"ரயிலு?"

"அடுத்த ரயிலும் கிள்ளானுக்குத்தான் போகுது."

கிஷன் பையை இறக்கினார். "நான் இருக்கேன். இத இப்படியே விட்டுட்டுப் போனா நாளைக்கு எனக்கு லோரி ஓடாது." அவரைப் பார்த்து மற்ற கிள்ளான்காரர்களும் உட்கார்ந்தார்கள்.

படம் மறுபடி ஓடியது. பட்டாளத்தான் இரண்டாம் படி ஏறினான். மில்காரி கைதவறியதுபோல் ஒரு மூட்டை மாவை அவன் தலையில் கவிழ்த்தாள். வெள்ளை வெளேரென்று நின்று ஏழு தும்மல் தும்மிவிட்டு அவன் வெளியே ஓடினான். உணவக மாடி சிரிப்பில் அதிர்ந்தது. அடுத்த வீட்டில் சோதனை வந்தபோது, கிளாரினெட்டின் வாய்த்துண்டைக் கைக்குழந்தை சூப்பிக்கொண்டிருந்தது. அதிகாரி அதன் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனான். "கெட்டிக்காரப் புள்ள!" என்று செந்தூலிலிருந்து வரும் மலர் எழுந்தே நின்றுவிட்டாள். போர் முடிந்து கிளாரினெட்காரன் வீடு வீடாகப் போனான். நாலு துண்டு கிடைத்தது. ஐந்தாவது வீடே இல்லை. தகரக்காரர் ஒருவர் எண்ணெய் ஊற்றும் புனலை வெட்டிப் பொருத்திக் கொடுத்தார். அவன் ஊதினான். சுருதி கொஞ்சம் கோணல்தான். கிஷன் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

விளக்கு போட்டதும் எல்லாரும் டின்னைச் சூழ்ந்தார்கள்.

"தலைவரே, என் சீட்டக் குடுங்க!"

பாலன் டின்னை மடியில் அணைத்துக்கொண்டார். "போட்டது போட்டதுதான்."

"பாதிப் படத்துக்குப் போட்டத முழுசா எண்ணுவீங்களா?" என்றார் கிஷன். "பாதி லோரி சாமான எறக்கிட்டு முழு வாடகை கேட்டா எவன் தருவான்?"

"செயலாளர் என்ன சொல்றீங்க?" என்று பாலன் கேட்டார்.

சீதாலெட்சுமி எழுந்தாள். "விதிய எழுதினது நான். தப்பும் என்னோடதுதான். முடிவு தெரிஞ்ச படமாவே பாத்துட்டு இருந்தோம், அதனால ஓட்ட கண்ணுல படல. தலைவர் எண்ணிக்கைய வச்சுக்கிட்டா நான் ஒன்னும் சொல்ல முடியாது."

பாலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு டின்னைக் கவிழ்த்தார். சீட்டுகள் மேசையில் கொட்டின.

"பரண்ல படுத்தவன் படுத்தேதான் இருக்கான்னு எழுதினது நான்தான்," என்றார்.  மாடியே சிரித்தது. அவரும் சிரித்தார். "இனிமே படம் முடிஞ்சுதான் சீட்டு. எழுதிக்குங்கம்மா."

சீட்டு போதவில்லை. கிஷன் வடை வந்த காகிதத் தட்டின் பின்புறம் எண்ணெயோடு எழுதிக் கொடுத்தார். நல்லாருக்கு என்று இருபத்து மூன்று. ஒருவர் மட்டும் பாட்டு இல்லாத படம் வேண்டாம் என்பதில் உறுதியாக நின்றார். இன்னொருவர் இப்போதும் வடையைப் பற்றியே எழுதியிருந்தார்.

சீதாலெட்சுமி புது விதியைக் குறிப்பேட்டில் எழுதினாள்.  நாற்காலிகளை மடக்கியபடி பாலன் கேட்டார்:

"அடுத்த மாசம் என்ன படம்?"

"மலைக் கிராமத்துல ஒரு கழுத காணாமப் போகுது. ஊரே தேடுது."

"கெடைக்குதா?"

"சொல்ல மாட்டேன்," என்றாள் சீதாலெட்சுமி.

"இந்தம்மாவோட பெரிய தொல்லையாப் போச்சு," என்ற பாலன், படியிறங்கும் கிஷனைக் கூப்பிட்டு, ஐந்து மணி ரயிலுக்குள் படம் முடிய வேண்டும், அடுத்த மாதம் இரண்டரைக்கே வந்துவிடச் சொன்னார்.