கிணற்றின் மேல் ஒரு சிவப்புக் கோடு

எங்கள் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை வானிலிருந்து எடுத்த படம் ரொம்பப் பெரியது. முழுதாகத் திறந்தால் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடும். அதனால் படத்தைத் துண்டுகளாக்கி, திரையில் தெரிகிற பகுதியை மட்டும் திறக்கும் புரோகிராம் ஒன்றை எழுதினேன்.

இன்று காலை, சுரங்கத்துக்குப் பக்கத்து நிலத்துக்காரர் செல்வியக்கா கணவரோடு அரியலூர் ஆபீஸுக்கு வந்தார்.

"எங்க கெணறு சொரங்கத்துக்குள்ள போயிடுச்சுன்னு சொல்றாங்க. நெசமாங்க?"

படத்தைக் காட்டினேன். அதில் சுரங்கத்துக்காக வரைந்திருந்த சிவப்பு எல்லைக்கோடு கிணற்றின் மேலேயே ஓடியது. அக்கா முகம் வாடிவிட்டது.

"இன்னும் கிட்டக்க காட்டுங்க தம்பி."

பெரிதாக்கினேன். துண்டுகள் ஒவ்வொன்றாக வந்து நிரம்ப, கோடும் கிணறும் மெல்லப் பிரிந்தன. நடுவில் ஒரு வரப்பு, ஒரு வேப்பமரம்.

"நம்ம மரம்தான்!" என்றார் கணவர்.

சர்வேயர் சாரும் வந்து சரிபார்த்தார். "வெளியதான் இருக்கு. தைரியமா வெங்காயம் போடுங்க."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"தம்பி, நேத்துலேர்ந்து எங்க செவலப் பசுவக் காணோம். அப்படியே அதையும் கொஞ்சம் தேடிப் பாருங்களேன்."

படம் போன வருடம் எடுத்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?