இரண்டாவது டம்ளர் பாயசம்

தொண்ணூறுகளில், கல்லூரிக் குத்துச்சண்டை இறுதியில் அடையாறு டில்லி என்னை ஒரே நிமிடத்தில் படுக்கவைத்து, "இன்னா தயிர்சாதம், அதுக்குள்ள தூக்கம் வந்துட்ச்சா?" என்றான். எங்கள் மயிலாப்பூரே சிரித்தது.

மறுவருடமும் அவனோடுதான் இறுதிப்போட்டி. எடை குறைக்க இரண்டு நாள் பட்டினி கிடந்தவனை, காலையில் எடை பார்த்து முடிந்ததும் மெஸ்ஸுக்கு அழைத்துப்போனேன். சாம்பார், ரசம், மோர் என்று மூன்று முறை சோறு. இரண்டாவது டம்ளர் பாயசத்தை நானே ஊற்றினேன்.

மதியம், என் வாழ்நாளின் ஒரே நல்ல குத்து அவன் வயிற்றில் இறங்கியது. டில்லி எழவில்லை. பழிதீர்த்த ஆனந்தத்தில் குதித்தேன்.

பிறகு வெளிறிய முகத்துடன் கைகொடுத்தான். "ஜெயிச்சது நீதான் நைனா. ஆனா எதிர்ல நிக்கிறவனுக்கு வயிறு ரொம்ப சோறு போட்டியே, அந்த மன்சு எவனுக்கு வரும்?"

கோப்பை இன்னும் வீட்டில் இருக்கிறது. விருந்தாளிக்கு இரண்டாம் முறை பாயசம் ஊற்றத்தான் எனக்குக் கை வருவதில்லை. கஞ்சன் என்கிறாள் மனைவி. மறுப்பதில்லை.