நராய் ஆற்றங்கரையில் கையசைத்த அருளப்பு அண்ணை

சென்ற ஞாயிறு வோபர்ன் பகுதிக் கடையொன்றில் இடியப்பத்துக்காக நின்றபோது, அருளப்பு அண்ணையின் மனைவி பிலோமினா அக்காவின் அழைப்பு வந்தது. "தம்பி, அண்ணை போயிட்டார். நித்திரையிலதான்." "செத்தவீட்டில அந்த ஜப்பான் கதையை நீர்தான் சொல்லவேணும்" என்றார். செத்தவீட்டில் அதைச் சொல்லாமலே வந்துவிட்டேன். அவரை அறிந்த உங்களுக்காக இப்போது எழுதுகிறேன்.

மன்னாரில் பிறந்த அருளப்பு அண்ணையும் நானும் ஒரே ட்ரக்கை வன்கூவர் வரை மாறி மாறி ஓட்டியவர்கள். பனிக்காலத்தில், வழியோரத் தரிப்பிடங்களில் கோப்பி குடித்தபடி சொல்வார்: "வழிப்போக்கருக்கெண்டே கட்டின ஊர்கள் ஜப்பானில இருக்காம். பென்சன் எடுத்தவுடன போவம்."

சொன்னபடி போனோம். அக்காவும் வந்ததுதான் அதிசயம். "உங்கட ரோட்டோட நான் பட்டது காணும்" என்று எந்தப் பயணத்துக்கும் வராதவர் அவர்.

அப்படியான ஊர்களில் ஒன்றான நராய், மலைகளுக்கு நடுவே ஆற்றை ஒட்டி ஒரே தெருவாக நீண்டு கிடந்தது. இருபுறமும் கறுத்த பழைய மரவீடுகள். விடுதியின் தாழ்ந்த வாசலில் நுழையும்போதே அண்ணை தலையை இடித்துக்கொண்டார். விடுதிக்கார அம்மா பதறி ஓடிவந்தார். அண்ணையோ ஸ்டியரிங் பிடிப்பதுபோல் கையை வைத்து, "டிரைவர்! டிரைவர்!" என்று விளக்கினார். என்ன விளங்கியதோ, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்த அம்மா கொண்டுவந்த தேநீர்த் தட்டை அண்ணை வாங்கி, அக்காவின் முன் தானே வைத்தார். "இண்டைக்கு நீர்தான் பயணி. நான் வீட்டில நிக்கிறன்."

மறுநாள் காலை ஆற்றின் மேல் வளைந்து நின்ற மரப்பாலத்துக்குப் போனோம். "பயணி நான்தானே, அப்ப நான் தனியப் போறன்" என்று அக்கா ஏறிவிட்டார். அண்ணை கரையிலேயே நின்று இரண்டு கைகளையும் ஆட்டினார்.

"கவனமாப் போயிட்டு வாரும்! போய்ச் சேர்ந்த உடன போன் எடும்!"

அவை, அவர் ட்ரக்கில் புறப்படும்போதெல்லாம் அக்கா வாசலில் நின்று சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொற்கள். அக்கா பாலத்தின் நடுவில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திரும்பி வந்ததும் கேட்டார்: "காத்துக்கொண்டு நிக்கிறது எப்பிடி இருக்கு?"

"கஷ்டம்தான். ஆனா நீர் திரும்பி வாறதைப் பாக்க நல்லாயிருக்கு" என்றார் அண்ணை. அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். விடுதி வரை விடவில்லை.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கையசைப்பைத்தான். விடிய என் மனைவி வேலைக்குப் புறப்படும்போது, டோர்செட் பார்க் பகுதியிலுள்ள எங்கள் மூன்றாம் மாடிப் பால்கனியில் நின்று, அவள் ஏறிய பஸ் தெருமுனையில் திரும்பும்வரை இரண்டு கைகளையும் ஆட்டுகிறேன். அவள் யன்னலோரம் இருந்து பதிலுக்கு ஆட்டுகிறாள். இப்போதெல்லாம் பஸ் டிரைவரும் ஆட்டுகிறார்.