இடது வளைவில் சாய்ந்த வீட்டு வண்டி

பயணம் எழுதுகிறவர்கள் காசிக்கோ சிங்கப்பூருக்கோ போய்வந்து எழுதுகிறார்கள். நான் எழுதப்போவது திருவண்ணாமலையிலிருந்து வேலூருக்குப் போய்வந்ததை. எண்பத்திரண்டு கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறினால் யாரும் போய்விடலாம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்காதவன், இதை எழுதத் துணிந்ததற்கு வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் போனது பஸ்ஸில் அல்ல, ஒரு வீட்டில். அந்த வீடு நேராகப் போனதற்கும், ஒரு இடத்தில் நேராகப் போகாததற்கும் நான்தான் பொறுப்பு. அதனால்தான் எழுதுகிறேன்.

1977, ஆடி மாதம். போளூர் ரோட்டில் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை வேலை செய்யும் பட்டறை வைத்திருந்தேன். சக்கரத்துக்கு மேலே வில் போல வளைந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கும் இரும்புப் பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். லாரியின் சுமையைத் தாங்குவது அவைதான். என் மனைவியின் தம்பி ஏகாம்பரம், ஆசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டில் டீக்கடை வைத்திருந்தான். வெள்ளைக்காரர்களுக்கு டீ ஆற்றியே இங்கிலீஷ் கற்றுக்கொண்டவன். அவன்தான் ஒரு நாள் இங்க்ரிட் என்ற ஜெர்மனி அம்மாளைப் பட்டறைக்கு அழைத்துவந்தான். அவர்கள் வண்டியை அந்த அம்மாளே ஓட்டிவந்தார்.

வெளியே பார்த்தால் பெரிய டீசல் வேன். கதவைத் திறந்தால் கட்டில், அடுப்பு, அலமாரி, எண்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டி, ஜன்னலுக்குத் திரை. இங்க்ரிட்டும் அவர் கணவர் வெர்னரும் இரண்டு வருஷம் பாடுபட்டு, பலகை அறுத்து, தாங்களே கட்டின வீடு. அதிலேயே ஜெர்மனியிலிருந்து ரோடு வழியாக எங்கள் ஊர் வரைக்கும் வந்துவிட்டார்கள்.

வந்த இடத்தில் வெர்னருக்கு மஞ்சள் காமாலை. இங்க்ரிட் அவரை வண்டிக்குள் கட்டிலில் படுக்க வைத்து வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். வழியெல்லாம் வண்டி ஆடின ஆட்டத்தில் அவர் உருண்டு உருண்டு வாந்தி எடுத்து, கண்ணமங்கலத்தில் இறங்கி, மீதித் தூரத்துக்கு டாக்ஸி பிடித்துப் போனாராம். ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் எழுதிவிட்டார். இனி அந்த வண்டியில் ஏறமாட்டேன், வியாழக்கிழமை வெளியே விடுகிறார்கள், அப்படியே மெட்ராஸ் போய் விமானத்தில் ஊர் போகிறேன் என்று.

"நீங்க என்னா பண்ணுவீங்கனு கேட்டேன் மாமா," என்றான் ஏகாம்பரம். "வண்டிய விட்டுட்டுப் போக மாட்டாங்களாம். தனியாவே ஓட்டிட்டுப் போவாங்களாம். அவரு மேல, இவங்க கீழ."

வியாழக்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது. அதற்குள் ஆட்டத்தை நிறுத்திவிட்டால், அதே வண்டியில் போய் அவரைத் திரும்ப அழைத்துவந்துவிடலாம் என்பது அந்த அம்மாளின் எண்ணம்.

ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தேன். ஒரு சாண் திருப்பின பிறகுதான் சக்கரம் அசைந்தது. முன் சக்கரம் திரும்புகிற முளையைச் சுற்றியிருக்கும் புஷ் தேய்ந்து அந்த இடம் லொடலொடவென்று இருந்தது. பித்தளையில் புதிதாகக் கடைந்து போட்டேன். இரண்டு முன் சக்கரங்களுக்கும் நடுவே நூல் பிடித்து அளந்தேன். முன்பக்கம் கொஞ்சம் கிட்டவும் பின்பக்கம் கொஞ்சம் எட்டவும் இருந்தால்தான் வண்டி நேராக ஓடும். இதில் தலைகீழாக இருந்தது. அதையும் சரி செய்தேன். பின்னால் போய்க் குனிந்து பார்த்தால் வண்டி இடது பக்கம் இரண்டு விரற்கடை இறங்கி நின்றது. அலமாரியும் தண்ணீர்த் தொட்டியும் அந்தப் பக்கம்தான். இடது பின் சக்கரத்துக்கு ஒரு பட்டை கூடுதலாகப் போட்டுத் தூக்கினேன். வண்டி மட்டமாக நின்றது.

எங்கள் ஊரில் எந்த வண்டிக்கு வேலை செய்தாலும் முதல் ஓட்டம் மலையைச் சுற்றித்தான். பதினாலு கிலோமீட்டர். சாமிக்குச் சாமியும் ஆயிற்று, வண்டியைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று. இங்க்ரிட் ஓட்ட, மூன்று சுற்று வந்தோம். தண்டவாளத்தில் போவது போல இருந்தது. "சரியாயிடுச்சுனு சொல்லு," என்று ஏகாம்பரத்திடம் சொன்னேன். அவன் நான் சொன்னதைவிட ஜாஸ்தியாகவே சொன்னான்.

வியாழக்கிழமை காலை ஆறேகால் மணிக்குப் பட்டறையிலிருந்து கிளம்பினோம். ஜெர்மனி வண்டியானதால் ஸ்டியரிங் இடது பக்கம். வலது சீட்டில் நான். ஏகாம்பரம் பின்னால் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஜன்னல் திரையை விலக்கி, ரோட்டில் போகிற தெரிந்தவர்களுக்கெல்லாம் கையாட்டினான். "பொண்ணு பாக்கப் போற மாதிரி இருக்குது மாமா. அடுப்ப மூட்டவா?"

நான் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். இங்க்ரிட்டின் கை இரண்டும் லேசாக இருந்தன, இறுக்கிப் பிடிக்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. எதிரே நெல் லாரிகள் வந்தன. முன்னெல்லாம் லாரி கடக்கும்போது வண்டியை அந்தப் பக்கம் இழுக்குமாம். இப்போது இழுக்கவில்லை. நாயுடுமங்கலத்தில் டீ குடித்தோம். முப்பது பைசா. அங்கே ஆடிக் காற்று பிடித்துக்கொண்டது. நாங்கள் வடக்கே போகிறோம், காற்று மேற்கிலிருந்து வருகிறது. இடது விலாவில் ஆள் நின்று தள்ளுவது போலத் தள்ளியது.

ஏழரை மணி இருக்கும். கலசபாக்கம் பிரிவைத் தாண்டி ரோடு இடது பக்கம் வளைகிறது. இங்க்ரிட் திருப்பினார். நான் உட்கார்ந்த பக்கம் அப்படியே கீழே போயிற்று. தொட்டித் தண்ணீர் புரண்டு பலகையில் மோதும் சத்தம் கேட்டது. வண்டி வளைவோடு போகாமல் வலது பக்கம் ஒதுங்கி ரோட்டின் நடுவுக்குப் போனது. எதிரே பஸ், என் பக்கமாகவே வந்தது. டிரைவரின் வாய் திறந்திருந்ததை நான் பார்த்தேன். இங்க்ரிட் எப்படியோ இழுத்துப் பிடித்து இடதுபுறம் மண்ணில் இறக்கி, ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். அலமாரியிலிருந்து விழுந்த அலுமினியத் தட்டு ஒன்று மட்டும் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்தது.

பிறகு ஏகாம்பரம்தான் கேட்டான். "மாமா, மலைய சுத்தறப்ப நல்லாத்தான இருந்துச்சு?"

அந்தக் கேள்வியில் எனக்கு விளங்கிவிட்டது. கீழே இறங்கி மண்ணில் விரலால் ஒரு வட்டம் போட்டேன். மலை எப்போதும் நம் வலது கைப் பக்கம். எத்தனை சுற்று வந்தாலும் வலது பக்கமேதான் திரும்புகிறோம். வலது பக்கம் திரும்பினால் சுமை இடது பக்கம் சாயும். அங்கேதான் நான் புதுப் பட்டை போட்டு வைத்திருக்கிறேனே, தாங்கிவிட்டது. இடது பக்கம் திரும்பினால் சுமை வலது பக்கம் சாயும். அங்கே பழைய பட்டைதான். கூடவே காற்றும் அதே பக்கம் தள்ளியது. இருபது வருஷமாக எந்த வண்டியையும் நான் இடது பக்கமாகச் சுற்றிப் பார்த்ததே இல்லை.

"தப்பு என்னோடதுனு சொல்லு," என்றேன்.

"எதுக்கு மாமா? ரோடு மோசம், காத்து ஜாஸ்தினு சொல்லிடறேன். அவங்களுக்குத் தெரியவா போவுது."

"என்னோடதுனு சொல்லு."

அவன் சொன்னான். நான் போட்ட வட்டத்தையும் காட்டினான். இங்க்ரிட் அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் என்னைப் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில், "அண்ணா, நான் மலை பதினாறு தடவை நடந்தேன். நானும் யோசிக்கலை," என்றார். பிறகு கைக்கடிகாரத்தைக் காட்டினார். பன்னிரண்டு மணிக்கு வெர்னர் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிடுவார்.

இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து, எட்டரை மணிக்குப் போளூரில் தாவூத் பாய் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தோம். எனக்குத் தொழிலில் பழக்கமானவர். வண்டியைச் சுற்றி வந்து திரையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னா மேஸ்திரி, வாடகை குடுக்க முடியாம வீட்டோட கிளம்பிட்டீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நாங்க மலைய சுத்தற ஆளுங்க இல்ல. எங்க கிட்ட குடுத்திருந்தா அன்னிக்கே கண்டுபுடிச்சிருப்போம்," என்றார்.

"இப்ப குடுக்கறேன் பாய். பட்டை இருக்குதா?"

பழைய பட்டைக் குவியலில் இடது பக்கத்துக்குப் போட்டதைப் போலவே நீளமும் வளைவும் உள்ள ஒன்றைத் தேடி எடுத்தோம். இருபது ரூபாய். வலது பக்கம் போட்டு, பட்டைகளை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யு-போல்ட்டுகளை முறுக்கினோம். பின் டயர்களுக்குக் காற்றுக் கம்மியாக இருந்தது. ஏற்றினோம். இரண்டு பக்கமும் பட்டை ஒன்றானதும் வண்டி திரும்பவும் இடது பக்கம் இரண்டு விரற்கடை இறங்கி நின்றது. நான் செய்த முதல் தப்பு அங்கேதான் இருந்தது. சுமையை மாற்றாமல் பட்டையை மாற்றியிருந்தேன். தொட்டி நடுவுக்கு வர வேண்டும், தரையோடு தரையாக. அதற்கு அலமாரியின் கீழ்த்தட்டைக் கழற்ற வேண்டும். அவர்கள் கையால் செய்த அலமாரி. கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஏகாம்பரம் எடுத்துச் சொன்னதும் இங்க்ரிட் ஸ்குரூ டிரைவரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். எந்த ஸ்குரூ எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே கழற்றினார். பலகையின் உள்பக்கத்தில் பென்சிலால் இரண்டு பேர் பெயரும் எழுதியிருந்தது. அதை வெளியே எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, தொட்டியின் ஒரு முனையை அவரே பிடித்தார். பாதித் தண்ணீரை இறக்கி, தொட்டியைக் கட்டிலுக்கு அடியில் வண்டியின் நடுவே வைத்து, இரும்புப் பட்டி போட்டுக் கட்டினோம். வெளியே வந்து குனிந்து பார்த்தேன். மட்டம்.

"இதை எங்க ஓட்டிப் பாக்கறது?" என்று கேட்டேன்.

"ஏரி காஞ்சு கெடக்குது," என்றார் தாவூத் பாய்.

ஏரிக்குள் நடுவில் ஒரு கருவேலமரம் நின்றது. நான் முதலில் நடந்து போய் அந்த மரத்தடியைப் பார்த்துவிட்டு வந்தேன். ஏகாம்பரம் கிண்டலை விடவில்லை. "சாமி கீமி ஒண்ணும் இல்லல்ல மாமா? தைரியமா இடது பக்கமா சுத்தலாம்ல?" இங்க்ரிட் மரத்தை இடது கைப் பக்கம் வைத்து ஐந்து சுற்று ஓட்டினார். ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூட்டினார். நான் உட்கார்ந்த பக்கம் கொஞ்சம் அமுங்கி, அங்கேயே நின்றது. அதற்கு மேல் இறங்கவில்லை. ஐந்தாவது சுற்றில் அவர் ஒரு கையை எடுத்துவிட்டார்.

பத்தே முக்காலுக்குப் போளூரை விட்டோம். இடது வளைவு வரும்போதெல்லாம் ஏகாம்பரம் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டே வந்தான். கண்ணமங்கலம் தாண்டியதும் பதினொன்றோடு நிறுத்திவிட்டு, கட்டிலில் நீட்டிப் படுத்துக்கொண்டான். வேலூர் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தும்போது மணி பன்னிரண்டு பத்து.

வெர்னர் ஒரு பையோடு சுவர் நிழலில் நின்றிருந்தார். நெட்டையான மனிதர், சட்டை உடம்பில் தொங்கியது. மனைவியை அணைத்துக்கொண்டார், வண்டியை மட்டும் பார்க்கவில்லை. இருவரும் அவர்கள் பாஷையில் பேசினார்கள். இங்க்ரிட் கையை இடது பக்கம் ஒரு வட்டமாகச் சுற்றிக் காட்டினார். பிறகு என்னைக் காட்டினார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

வெர்னர் வண்டியின் பின் மூலைக்குப் போய், இரண்டு கையாலும் உடம்பின் பலத்தையெல்லாம் வைத்து அழுத்திவிட்டு எடுத்தார். வண்டி ஒரு தடவை எழுந்து நின்றுவிட்டது. மற்ற மூலைக்குப் போய் அழுத்தினார். அதே அளவு எழுந்து, அதே போல நின்றது. ஏகாம்பரத்திடம் ஏதோ கேட்டார்.

"மாமா, நீங்க இதுல வந்தீங்களான்னு கேக்கறாரு. எங்க உக்காந்தீங்கனு கேக்கறாரு."

வலது சீட்டைக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் அந்தச் சீட்டைப் பார்த்தார். பிறகு பையைத் தூக்கி உள்ளே வைத்து, தலையைக் குனிந்து ஏறி, கட்டிலில் படுத்தார்.

இரண்டு மணிக்குத் திரும்பினோம். காற்று இப்போது வலது பக்கத்திலிருந்து தள்ளியது. கலசபாக்கம் பக்கம் அந்த வளைவு வந்தபோது திரும்பிப் பார்த்தேன். அங்கே புளியமரத்தடி மண்ணில் எங்கள் சக்கரத் தடம் இன்னும் இருந்தது. வெர்னர் அதைப் பார்க்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருக்க, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க, தூங்கிக்கொண்டிருந்தார். அந்தக் கைகூட ஆடவில்லை. இங்க்ரிட் கண்ணாடியில் பார்த்துவிட்டு என்னிடம், "அண்ணா, தூங்கறார்," என்று மெல்லச் சொன்னார். என் தொழிலில் யாரும் எனக்கு அதைவிடப் பெரிய வார்த்தை சொன்னதில்லை. என்னுடைய வீடு எந்தக் காலத்திலும் ஆடினதில்லை, அதனால் அதைப்பற்றி நான் பெருமைப்பட்டதும் இல்லை. ஆடின வீட்டை நிறுத்தினவன் என்ற பெருமை எனக்கு இன்றைக்கும் உண்டு.

மாலை நாலரை மணிக்கு மலை தெரிந்தது. ஆவணி முடிவில் அவர்கள் இருவரும் அதே வண்டியில் கிளம்பிப் போனார்கள். ஊர் போய்ச் சேர்ந்ததாக ஏகாம்பரத்தின் கடைக்குக் கடிதம் வந்தது.

வேலூர் போய்வந்த மறுநாள் பட்டறைக்கு ஒரு கரும்பு லாரி வந்தது. பட்டை மாற்றி, மலையை ஒரு சுற்று விட்டுவிட்டு, காய்ந்து கிடந்த வேங்கிக்கால் ஏரிக்குள் இடது பக்கமாக மூன்று சுற்று விட்டுப் பார்த்தேன்.