ஐஸ் கொட்டிலில் மகளின் செய்தி

வல்வெட்டித்துறையில் பஸ் பழுதாகி நிற்கிறது. மீனுக்கு ஐஸ் விற்கும் கொட்டில் ஒன்றின் நிழலில், போனை இறுகப் பிடித்தபடி இருக்கிறேன். என் மகள் வட துருவத்துப் பனியைத் துளைத்து ஆராய்கிறவள். புயல் வருகிறது என்று ஐந்து நாளைக்கு முன் சொன்னாள். அதன் பிறகு பேச்சில்லை. இன்று காலை ஒரு செய்தி வந்திருக்கிறது, ஆங்கில எழுத்தில். எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். பஸ்ஸில் எவரிடமும் வாசிக்கக் கேட்க மனம் வரவில்லை.

ஐஸ்காரர் ஒரு ஐஸ் சில்லை உடைத்து வாயில் போடுகிறார். முகம் சுளிக்கிறது.

"உது எங்கடை கிணத்துத் தண்ணியில்லை, உவர்க்குது" என்று உள்ளே பார்த்துக் கத்துகிறார்.

"ஐஸிலை கிணறு தெரியுமோ தம்பி?"

"நாக்கிலை வைச்சால் கிணத்துக்காரன்ரை பேரும் சொல்லுவன் அம்மா."

"என்ரை மகளுக்கும் உதுதான் வேலை. எரிமலை கக்கின கந்தகம் பனியோடை விழுந்து உறைஞ்சு கிடக்குமாம். அதைக் கொண்டு, முந்தி எப்ப எரிமலை வெடிச்சதெண்டு சொல்லுவாள்."

"அவவும் நக்கித்தான் பாக்கிறாவோ?"

"மெஷினிலை" என்கிறேன். சிரிப்பு வரவில்லை. போனை நீட்டுகிறேன். "இதை ஒருக்கா வாசியும். கண்ணாடியை வீட்டிலை விட்டிட்டன்."

கண்ணாடி என் மூக்கில்தான் இருக்கிறது. அவர் அதைப் பார்க்கிறார். ஈரக்கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு வாசிக்கிறார்.

"புயல் விட்டிட்டுது அம்மா. எல்லாரும் சுகம்."

பழுது தீர்ந்த பஸ் புறப்பட ஹோர்ன் அடிக்கிறது.

"இன்னொருக்கா வாசியும் தம்பி" என்கிறேன்.