தொக்கம் எடுத்த நாள்

என் மகள் வாயைத் திறக்கமாட்டாள். ஸ்பூனைக் கண்டாலே உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு முகத்தைத் திருப்புவாள். கேழ்வரகுக் கூழ், பருப்புச் சாதம், மசித்த இட்லி, எதைக் கொண்டுபோனாலும் இதே கதைதான். மீறி ஊட்டினால் 'புர்ர்' என்று என் மூஞ்சியிலேயே துப்புவாள். காக்கா காட்டி, மாடு காட்டி, கேட்டைத் திறந்து மூடிக் காட்டி, என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். இத்தனைக்கும் கடலூரில் என் அம்மா வீட்டில் முதன்முதலாகச் சோறு ஊட்டியபோது கிண்ணத்தையே பிடுங்கித் தின்ற பிள்ளை. சிதம்பரத்தில் மாமியார் வீட்டுக்கு வந்த பிறகுதான் இந்தக் கூத்து ஆரம்பித்தது.

என் மாமியாருக்குக் கேட்கவா வேண்டும்!

"எங்க வம்சத்துல இப்புடி எலும்பும் தோலுமா ஒண்ணுகூடப் பொறந்ததில்ல. கையி ராசி அப்புடி. பெத்தவ கையால குடுக்குறது தொண்டைக்குக் கீழ எறங்கணும்ல?"

இதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் போகிறது என்று விட்டிருப்பேன். பால்காரரிடம் சொன்னார், எதிர்வீட்டுக்காரியிடம் சொன்னார், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களிடம்கூடச் சொன்னார். வந்தவர்களில் ஒரு அம்மாள் என் மகளின் தொடையைக் கிள்ளிப் பார்த்து, "என்னாம்மா, வெறும் தோலுதான் வருது" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவள் கையை முறித்திருப்பேன்.

அங்கன்வாடியில் எடை போட்ட அக்காவும் உதட்டைப் பிதுக்கினார். அம்மா வீட்டுக்கு ஒரு பகல் போய்வந்தபோது கடலூரில் குழந்தை டாக்டரிடம் காட்டினேன். அவர் சோதித்துப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு நோய் ஒன்றும் இல்லை, வற்புறுத்தாதீர்கள், பசித்தால் தானே சாப்பிடும் என்றார். "நடுவுல வேற ஏதாவது குடுக்குறீங்களா?" என்று கேட்டார். "இல்லவே இல்ல டாக்டர்" என்று அடித்துச் சொன்னேன்.

நான் பயந்ததற்குக் காரணம் வேறு. கடலூரில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் ஜூன் மாதம் திறக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டில் இருந்தபடி வேலைக்குப் போவதாக நானும் என் வீட்டுக்காரரும் முடிவு செய்திருந்தோம். மாமியார் அதில்தான் கை வைத்தார்.

"ஊட்டத் தெரியாதவகிட்ட புள்ளைய அனுப்புறதா? பால மறக்கடிச்சிட்டு இங்க வுட்டுட்டுப் போவச் சொல்லு. நான் வளத்துக்குறேன். அவ லீவுக்கு லீவு வந்து பாக்கட்டும்."

என் வீட்டுக்காரர் செல்போனைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் வாய் மூடிக்கொண்டால் பாதி சம்மதம் என்று எனக்குத் தெரியும். "மாமா, நீங்க என்னா சொல்றீங்க?" என்று அவரிடமே கேட்டேன். "மொதல்ல புள்ள சாப்புடட்டும்" என்றார். அதாவது, பிள்ளை வாய் திறந்தால் என்னோடு கடலூர். திறக்காவிட்டால் இங்கே. ஸ்பூனும் கிண்ணமுமாக நான் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். என் மகள் நாள்தோறும் என்னை ஃபெயிலாக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே ஓய்வு சாயங்காலம்தான். நான் மாடிக்குத் துணி எடுக்கப் போகும்போது, "குடு, நான் வச்சிருக்கேன்" என்று மாமியார் பிள்ளையை வாங்கிக்கொள்வார். மத்தியானம் குளிக்கப் போனாலும் அப்படித்தான். இந்த ஒரு விஷயத்திலாவது மனுஷி தங்கம் என்று நினைத்தேன். நன்றி வேறு சொல்லித் தொலைத்தேன்.

கடைசியில் மாமியாரே தீர்ப்பும் சொன்னார். பிள்ளைக்குத் தொக்கம் விழுந்திருக்கிறது, எதுவோ தொண்டையில் அடைத்துக்கொண்டு சோற்றை இறங்கவிடாமல் செய்கிறது, எடுத்தாக வேண்டும். கிள்ளை பக்கம் ஒரு அம்மாள் எடுக்கிறாளாம். தொண்டை அடைத்தால் மூச்சு வருமா, பால் மட்டும் எப்படி இறங்குகிறது என்று கேட்டேன். "படிச்ச திமிரு" என்றார். நான் வரமாட்டேன் என்றால் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு போவார்கள். அதனால் போனேன்.

எங்களுக்கு முன்னால் ஒரு பையனை மடியில் போட்டிருந்தார்கள். அந்த அம்மாள் அவன் வயிற்றை நீவினாள், காதில் ஊதினாள், வாயில் விரலை விட்டுக் குடைந்தாள். பிறகு உள்ளங்கையை விரித்து வெள்ளையாக ஒரு உருண்டையைக் காட்டி, "இட்லி" என்றாள். அவன் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அடுத்து என் மகள். அவளுடைய கால் இரண்டையும் மாமியார் பிடித்துக்கொண்டார். விரல் தொண்டைக்குள் போனதும் பிள்ளைக்கு முகம் கறுத்து, குரல் நின்று, கண் செருகியது. "போதும், வுடுங்க!" என்று கத்திக்கொண்டே பிடுங்கினேன். எச்சிலில் ரத்தக் கோடு. என் வீட்டுக்காரர் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார், தைரியசாலி.

அந்த அம்மாள் அசரவில்லை. உள்ளங்கையை விரித்தாள். அதே வெள்ளை உருண்டை.

"பாருங்க. ரஸ்க்கு. தொண்டையில ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. யாரு குடுத்தது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயையோ! டீயில நல்லா ஊறவச்சித்தான குடுத்தேன்! சக்கர ஜாஸ்தி போட்டு, கொழகொழன்னுதான குடுத்தேன்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளையின் எச்சில் ரத்தம் என் தோளில் இருக்க, அத்தனை பேர் நடுவில் சிரித்தேன். அந்த அம்மாள் எடுத்தது ரஸ்க்கும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஆனால் என் மாமியார் வாயிலிருந்து உண்மையை எடுத்துவிட்டாள்.

மத்தியானம் ரஸ்க், சாயங்காலம் ரஸ்க். வயிறு முட்ட இனிப்பு டீயில் ஊறியதைத் தின்ற பிள்ளை என் உப்பில்லாத பருப்புச் சாதத்துக்கு ஏன் வாயைத் திறக்கும்? மறுநாளே பெட்டியைக் கட்டினேன். என் வீட்டுக்காரர் வாய் மூடித்தான் இருந்தார், ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்தார்.

கடலூரில் என் மகள் கொஞ்ச நாள் அழுதாள், பிறகு பசி எடுத்தது, பிறகு சாப்பிட்டாள். மாமியார் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம்: "தொக்கம் எடுத்தேன், அதான் புள்ள சாப்புடுறா."

பேத்தியைப் பார்க்க ஒருநாள் வந்தார். நான் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். அவரைக் கண்டதும் என் மகள் சோற்றை விட்டுவிட்டு, அவர் பக்கம் திரும்பி ஆவென்று வாயைத் திறந்தாள். மாமியாருக்கு அப்படி ஒரு பூரிப்பு.

"பாத்தியா! என்னெ மறக்கல எங் கண்ணு!"

"உங்களையா அத்தை? ரஸ்க்க மறக்கல" என்றேன்.

அவர் கண் நிறைந்துவிட்டது. "ஒரே ஒரு வாய் நான் ஊட்டுறேனே, சோறுதான்" என்று கையை நீட்டினார். என் மகள் இன்னும் வாயைத் திறந்துகொண்டுதான் இருந்தாள். அந்த வாயில் நானே ஒரு கவளத்தை வைத்துவிட்டு, கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திக்கொண்டேன்.